பதிவு அட்டை இருந்தால் கட்டானா அசலா?

கேள்வி: யோகோஹாமாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒரு கட்டானா, அதாவது ஜப்பானிய வாள், பார்த்தேன். உறை ராணுவப் பச்சைப் பழுப்பு நிறம். விலை 1,50,000 யென். 1951ஆம் ஆண்டுப் பதிவு அட்டை இருப்பதால் பிரபு வீட்டுப் பழைய வாள் என்கிறார் கடைக்காரர். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கத்தான் கேட்கிறேன். வாங்கலாமா? அடுத்த ஆண்டு கோவை திரும்பும்போது கூடவே கொண்டுபோகலாமா?

பதில்: முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கட்டானா வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

அது தரச் சான்று கிடையாது. இந்த வாளை ஜப்பானில் வைத்திருப்பது குற்றமல்ல என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. நம்மூர் ஆர்.சி. புத்தகம் வண்டியின் எண்ணைச் சொல்லுமே தவிர, இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது இல்லையா, அப்படித்தான். இந்த அட்டையில் உரிமையாளர் பெயர்கூட இருக்காது. வாளின் வகை, நீளம், வளைவு, கைப்பிடி ஆணிக்கான துளைகள் எத்தனை, கொல்லர் கையெழுத்து இருந்தால் அது, இவ்வளவுதான். புகைப்படம் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இத்தனை வாள்களைப் பதிவுசெய்யும் ஒரு நாடு அட்டையில் ஒரு படம் ஒட்டுவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. படம் இல்லாததால்தான் ஒரு வாளின் அட்டை இன்னொரு வாளோடு சேர்ந்து கைமாறுகிறது.

1951 விஷயமும் அப்படித்தான். போருக்குப் பிந்தைய பதிவில் டைமியோ எனப்பட்ட பழைய பிரபுக் குடும்பங்களின் வாள்கள் முதலில் பதிவாயின என்று வியாபாரிகளிடையே ஒரு பேச்சு உண்டு. அதை வைத்து விலையை ஏற்றுவார்கள். சாதாரண வீட்டு வாள்களும் அதே ஆண்டில் பதிவாயின. ஆண்டைப் பார்த்து ஒரு யென்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன ராணுவ உறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதிகாரிகளுக்காக ஏராளமான வாள்கள் தொழிற்சாலை முறையில் செய்யப்பட்டன. மரபு முறையில் அடிக்கப்படாத அந்த வாள்களுக்கு இன்று ஜப்பானில் பதிவு கிடையாது. பதிவில்லாமல் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டுத் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் ராணுவ உறை என்றாலே தள்ளிவிடவும் கூடாது. போருக்குப் போன அதிகாரிகள் சிலர் தங்கள் குடும்பத்துப் பழைய வாளை எடுத்து, கைப்பிடியையும் உறையையும் மட்டும் ராணுவ முறையில் மாற்றிக்கொண்டார்கள். உள்ளே இருப்பது பல நூறு ஆண்டு பழைய வாளாகவும் இருக்கலாம். போர்க் காலத்திலேயே மரபு முறைப்படி அடித்த கொல்லர்களும் இருந்தார்கள். அவர்கள் வாளுக்கும் பதிவு உண்டு. உறையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நகாகோ என்று பெயர்.

கடைக்காரரிடம் கைப்பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிறிய மூங்கில் ஆணி ஒன்றுதான், தட்டினால் வந்துவிடும். கழற்ற மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பழைய வாளில் நகாகோ அடர்ந்த கறுப்புப் பழுப்பாக, ஒட்டிப்போன துருவோடு இருக்கும். ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் துரு என்றால் சந்தேகப்படுங்கள். நட்சத்திரமோ வேறு முத்திரையோ குத்தியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். துளைகளை எண்ணுங்கள். கையெழுத்தையும் அட்டையில் உள்ள எழுத்துகளையும் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். அதற்கு ஜப்பானிய மொழி தெரியத் தேவையில்லை. அப்புறம் நீளம். வாளின் முதுகில் செப்புப் பட்டை உட்காரும் இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். அங்கிருந்து நுனி வரை, வளைவோடு போகாமல், நேர்கோட்டில் டேப் பிடியுங்கள். பழைய அட்டையில் அளவு ஷாகு கணக்கில் இருக்கும். ஒரு ஷாகு 30.3 செ.மீ. ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விடலாம். ஒரு சென்டிமீட்டர் என்றால் அட்டை வேறு வாளுடையது.

“வாங்குங்கள், பிறகு சரிசெய்து தருகிறேன்” என்று ஒருவர் வருவார். வேண்டவே வேண்டாம். கைமாறிய 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியவர் நீங்கள். அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல, அட்டையைக் கொடுத்த மாகாணத்தின் கல்வி வாரியத்துக்கு. ஒக்காயாமாவில் பதிவான வாளுக்கு யோகோஹாமாவிலிருந்து ஒக்காயாமாவுக்குத்தான் எழுத வேண்டும். விவரம் பொருந்தாவிட்டால் வாளை நேரில் கொண்டுவரச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனையோ குறித்த நாள்களில் மட்டும்தான். அட்டையை மாற்றி வைத்து விற்றவர் காசோடு போய்விடுவார், லீவு போட்டு அலைவது நீங்கள்.

தரத்துக்கு ஒரு காகிதம் வேண்டுமென்றால், டோக்கியோவில் 1948 முதல் இயங்கும் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் ‘ஹொசோன்’ அல்லது அதற்கு மேற்பட்ட சான்றைக் கேளுங்கள். அதே சங்கம் 1982க்கு முன் கொடுத்த பழைய தாள்களை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கோவைக்குக் கொண்டுபோவது பற்றி: ஜப்பானை விட்டு வெளியே எடுக்க அந்நாட்டு அரசின் பண்பாட்டு முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதெல்லாம் முடிந்தாலும், இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாள் இறக்குமதிக்கு உரிமம் கேட்பார்கள். “ஏர்போர்ட்டில் ஆள் இருக்கிறார்” என்பவரை நம்பினால் வாளும் போய் வழக்கும் வரும். கூர்மையான அசல் வாளைக் கொண்டுபோக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பறைக்கு அழகுதான் நோக்கம் என்றால் மொசோதோ எனப்படும் அலங்கார வாளே உங்களுக்குச் சரி. கிஃபு மாகாணத்தின் செக்கி நகரில் நன்றாகச் செய்கிறார்கள். துத்தநாக அலுமினியக் கலவை, காந்தம் ஒட்டாது, கூர் இல்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் அதையும் காரணமில்லாமல் தெருவில் எடுத்துக்கொண்டு நடப்பது ஜப்பானில் குற்றம். வாங்கியதும் பெட்டியில் கட்டி நேரே வீட்டுக்குப் போங்கள். கோவைக்கு எடுக்கும் முன் சுங்கத்துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மேல் அந்தச் சந்தை வாள்தான் வேண்டும், ஜப்பானில் இருக்கும்வரை வைத்திருந்துவிட்டு விற்றுவிடுவேன் என்றால், வரும் ஞாயிறு அட்டையை மட்டும் படம் எடுத்து வாருங்கள். திங்கட்கிழமை காலை, அட்டையில் பெயர் உள்ள மாகாணக் கல்வி வாரியத்துக்கு ஜப்பானிய நண்பர் ஒருவரை போன் பண்ணச் சொல்லி, அந்தப் பதிவு எண்ணில் என்ன நீளம், என்ன கையெழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.