பேக்கிங் மாற்றியும் மறுபடி புகை கசிகிறதா?

கேள்வி: என் டீசல் பிக்கப்பில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. சூடானதும் குறைகிறது. லோடோடு மேடு ஏறினால் திணறுகிறது. போன வருஷம்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்) பேக்கிங்கை, அதாவது மூட்டில் கசியாமல் வைக்கும் தகட்டை, மாற்றினேன். மறுபடி மாற்றுவதா, பேஸ்ட் தடவிச் சமாளிக்கலாமா?

பதில்: பேஸ்ட் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் சிவப்பு சிலிகான் பேஸ்ட் சுமார் 300 டிகிரி வரைதான் தாங்கும். லோடு இழுக்கும்போது மேனிஃபோல்ட் வழியாகப் போகும் புகையின் சூடு 600 டிகிரியைத் தாண்டிவிடும். உரிந்த பேஸ்ட் நேராக, புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குள்தான் போகும்.

சூட்டில் இரும்பு விரிந்து கசியும் இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் குறைகிறது. ஆனால் டீசலில் இன்ஜெக்டர் சத்தமும் குளிரில் கூடுதலாகத்தான் கேட்கும், காதை மட்டும் நம்பாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரி அப்பியிருந்தால் கசிவு அங்கேதான். மேடு ஏறத் திணறுவதும் பொருந்துகிறது. டர்போவைச் சுழற்றவேண்டிய அழுத்தம் அதற்கு முன்பே வெளியேறுகிறது. கசிவு டர்போவைத் தாண்டி டவுன் பைப்பில் (டர்போவிலிருந்து புகை வெளியே போகும் குழாய்) இருந்தால் பெரும்பாலும் சத்தத்தோடு முடிந்துவிடும், இழுவை அவ்வளவாகக் குறையாது.

ஒரே வருஷத்தில் பேக்கிங் போயிருக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது மேனிஃபோல்டைத்தான். நீளமான வார்ப்பு, சூட்டில் வளைந்துவிடும். கழற்றியதும் ஹெட்டோடு சேரும் அதன் முகத்தைச் சுத்தம் செய்து, நேரான ஸ்டீல் பட்டையை வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை பரவாயில்லை என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும், 0.1 மி.மீ. தகடு தாராளமாகப் போனாலே முகத்தைச் சமமாக்க நான் லேத்துக்கு அனுப்பிவிடுவேன். விரிசல் தெரிந்தால் புதிது வாங்குவதுதான் வழி.

அடுத்து ஸ்டட், அதாவது மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் திருகுக் கம்பி. விரிவு இரண்டு ஓரங்களில்தான் அதிகம், அதனால் ஓர ஸ்டட்கள்தான் முதலில் உடையும். போன தடவை ஒன்று உடைந்து, இல்லாமலேயே மூடியிருக்கலாம், எண்ணிப் பாருங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாள் இரவே அடித்து வையுங்கள். வராத நட்டை ஒரேயடியாகத் திருகாமல், கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் தளர்த்தி எடுக்கவேண்டும். உடைந்த ஸ்டட்டுக்கு உளி வேண்டாம். அதன் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்தால் அந்தச் சூட்டிலேயே பிடி விடும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது டர்போ வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள். டர்போ ஃபிளாஞ்சு, டவுன் பைப் பேக்கிங்குகளையும் கழற்றியிருந்தால் புதிதாகவே போடுங்கள். நட்டுகளும் புதிது. டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்கவேண்டும். பி.எஸ். 6 வண்டி என்றால் சென்சார் ஒயர்களைக் கழற்றிய பிறகே பைப்பில் கை வையுங்கள்.

சரிசெய்யும் வரை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கேபினில் தூங்காதீர்கள்.