கோப்புக்குள் இருப்பது என்ன? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தால் இரண்டே குவியல்தான். ஒன்று, "பேக்கேஜ் ஏற மாட்டேங்கு". இன்னொன்று, "நான் போட்டது ஒண்ணு, எக்செல்லில் நிக்கது ஒண்ணு". பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மாடியில் நடக்கும் என் பைத்தான் மாலை வகுப்பிலும் இதே புலம்பல்தான். அதனால் இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில். புதியவர்களுக்கு: பைத்தான் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதும் மொழி, பேக்கேஜ் அதோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல், அதை ஏற்றும் கருவி பிப். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

டீச்சர், அட்டவணைக் கணக்குக்கான பாண்டாஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்துவிட்டேன். வெற்றிகரமாக முடிந்தது என்று கடைசி வரியில் வந்தது. ஆனால் ப்ரோகிராமை ஓட்டினால் பாண்டாஸ் என்ற மாட்யூலே இல்லை என்கிறது. திரும்ப மூன்று முறை இன்ஸ்டால் செய்து பார்த்தேன், ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. ஹாஸ்டலில் எல்லோருக்கும் ஓடுகிறது, எனக்கு மட்டும் ஓடவில்லை. இந்தப் படிப்பு எனக்கு வராதோ என்று இருக்கிறது.
– கல்லூரி மாணவி, களக்காடு

படிப்பு வராமல் எங்கே போகும் தாயி? இருக்கிறது என்று அது சொன்னதும் உண்மை, இல்லை என்று சொன்னதும் உண்மை. உன் லேப்டாப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. கல்லூரியில் ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார்கள், வீடியோ பார்த்து நீ ஒன்று போட்டிருப்பாய், வேறு ஏதாவது மென்பொருளோடு இன்னொன்று வந்திருக்கும். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார், நீ இன்னொரு வீட்டு வாசலில் காத்திருப்பாய். நடந்தது அவ்வளவுதான். பிப் ஒரு பைத்தானுக்குள் பாண்டாஸை வைத்தது. நீ ஓட்டியது மற்றதில்.

எந்த வீட்டில் நிற்கிறாய் என்று முதலில் பார். ஓட மறுக்கும் அதே ப்ரோகிராமில், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வரி சேர். முதல் வரி: இம்போர்ட் சிஸ். இரண்டாவது: பிரிண்ட், அடைப்புக்குள் சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள். ஓட்டினால் உன் ப்ரோகிராமை ஓட்டும் பைத்தானின் முழு முகவரி திரையில் வரும். அந்த முகவரியை அப்படியே நகலெடுத்துக்கொள். விண்டோஸின் கமாண்ட் பிராம்ட் ஜன்னலைத் திறந்து, முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டி, ஒரு இடைவெளி விட்டு, "-எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்" என்று அடி. இந்தப் பைத்தானுக்குள்ளேயே வை என்று ஆணையிடுகிறாய். இனி வீடு மாறாது.

வெறுமனே "பிப் இன்ஸ்டால்" என்று அடிக்கும் பழக்கத்தை என் வகுப்பில் முதல் வாரமே விடச் சொல்லிவிடுவேன். "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்" என்று அடித்தால் எந்தப் பைத்தானோ அதன் பிப்தான் வேலை செய்யும். ஏழெட்டு எழுத்து கூடுதலாக அடிக்கிறோம், சரி, ஆனால் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

வி.எஸ். கோடு என்ற எடிட்டரில் ப்ரோகிராம் எழுதுகிறாய் என்றால் கீழே வலது ஓரத்தில் பைத்தானின் பதிப்பு எண் தெரியும். அதைத் தொட்டால் லேப்டாப்பில் உள்ள எல்லாப் பைத்தானும் வரிசையாக வரும். சரியானதைத் தேர்ந்தெடுத்தாலும் போதும்.

இன்னொன்றையும் பார்த்துவிடு. நீ எழுதிய கோப்புக்கு பாண்டாஸ் என்றே பெயர் வைத்திருக்கிறாயா? பாண்டாஸ் பழகும் கோப்பு என்று பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் கோப்பைத்தான் எடுக்கும். உண்மையான பாண்டாஸை விட்டுவிட்டு உன் கோப்பையே இம்போர்ட் செய்து, அதில் அந்த வசதி இல்லை, இந்த வசதி இல்லை என்று சம்பந்தமில்லாத பிழை காட்டும். ராண்டம், சிஎஸ்வி என்ற பெயர்களும் வேண்டாம், அவை பைத்தானோடு வரும் மாட்யூல்களின் பெயர்கள். "பயிற்சி1" என்பதுபோல ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்.

பிப் இன்ஸ்டால் என்று சரியாகத்தான் அடிக்கிறேன். இலக்கணப் பிழை என்று வருகிறது.
– வள்ளியூர் வாசகர்

வரியின் தொடக்கத்தில் மூன்று அம்புக்குறி இருக்கிறதா? அப்படியென்றால் பைத்தானுக்குள்ளே நின்று அடிக்கிறீர்கள். பிப் வெளியே அடிக்க வேண்டிய கட்டளை. "எக்ஸிட்", அதன்பின் திறந்து மூடிய அடைப்புக்குறி. என்டர் தட்டி வெளியே வந்து அடியுங்கள்.

படங்களைக் கையாளும் ஓப்பன் சிவி பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெயரில் இம்போர்ட் செய்தால் வரவில்லையே?
– பாலிடெக்னிக் மாணவர், பேட்டை

பேக்கேஜுக்குக் கடையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். "ஓப்பன்சிவி-பைத்தான்" என்று இன்ஸ்டால் செய்ததை "சிவி2" என்றுதான் இம்போர்ட் செய்ய வேண்டும். "பில்லோ"வை "பில்" என்று, அதுவும் மூன்று பெரிய எழுத்தில். "சைகிட்-லேர்ன்" உள்ளே வந்தால் "எஸ்கேலேர்ன்". அந்தந்தப் பேக்கேஜின் அறிமுகப் பக்கத்தில் முதல் பத்து வரிக்குள் இது இருக்கும். உத்தேசமாக ஒரு பெயரை அடித்து இன்ஸ்டால் செய்து பார்க்காதீர்கள். எழுத்து ஒன்று மாறிய பெயரில் கெட்ட நிரலை ஏற்றி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

உபுண்டு லினக்ஸில் பிப் அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுக்கிறது. சிஸ்டம் பேக்கேஜை உடைத்தாவது போடு என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போட்டுவிடும் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

வேண்டாம். உபுண்டு தன் சொந்த வேலைகள் சிலவற்றுக்கும் பைத்தானைத்தான் நம்பியிருக்கிறது. நீங்கள் போடும் பேக்கேஜ் அதன் பேக்கேஜோடு முட்டிக்கொண்டால் சிஸ்டமே தடுமாறும். அதனால்தான் 23.04 பதிப்பிலிருந்து இப்படி மறிக்கிறார்கள். நெல்லையப்பர் கோயில் மடைப்பள்ளியில் போய் நம் வீட்டு மீன்குழம்பை வைப்போமா? நமக்கு ஒரு தனி அடுப்பு போட்டுக்கொள்வோம். அந்த அடுப்புக்குப் பெயர் வென்வ். ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் "பைத்தான்3 -எம் வென்வ் சூழல்" என்று அடியுங்கள். சூழல் என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த பெயரை ஆங்கிலத்தில் வைக்கலாம். வென்வ் இல்லை என்று சொன்னால் "பைத்தான்3-வென்வ்" என்பதை உபுண்டுவின் ஆப்ட் கட்டளை மூலம் ஒருமுறை நிறுவ வேண்டும். அப்புறம் அந்தச் சூழலுக்குள் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டரில் உள்ள ஆக்டிவேட் கோப்பை சோர்ஸ் கட்டளையால் இயக்கினால், வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் நிற்கும். அது நிற்கும்வரை பிப் தாராளமாக அடிக்கலாம். ஏதாவது கெட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

மகளே, நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எங்கள் ஊர் நிலங்களின் சர்வே எண்களை எக்செல்லில் ஏற்றி, பேரனிடம் பைத்தான் கற்றுக்கொண்டு, யார் யாருக்கு எவ்வளவு நிலம் என்று கூட்ட முயல்கிறேன். 12/3 என்று அடித்தால் மார்ச் 12 என்று மாறிவிடுகிறது. கவனிக்காமல் நானூறு வரி ஏற்றிவிட்டேன். போன் எண்களில் 0462-இன் முன் பூஜ்யமும் போய்விட்டது. என் கண் மங்கல் என்றே முதலில் நினைத்தேன்.
– சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம்

ஐயா, உங்கள் கண்ணில் குறை இல்லை. உங்கள் கடிதத்தை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

சாய்கோடு போட்ட எண் தேதியாக இருக்க முடியும் என்றால் எக்செல் அதைத் தேதி என்றே எடுத்துக்கொள்ளும். அதோடு நிற்காது. மார்ச் 12 என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் அது ஒரு எண்ணாகத்தான் உட்கார்ந்திருக்கும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாள்களை எண்ணிக்கொண்டே வரும் கணக்கு அது. 2024-இல் நீங்கள் 12/3 என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது 45363. பேரன் பைத்தானில் படித்தால் சர்வே எண் வராது, ஒரு தேதிதான் வரும். 45/2ஏ போல உட்பிரிவில் எழுத்து உள்ளவையும், நாளாகவோ மாதமாகவோ பொருந்தாத பெரிய எண்களும் தப்பித்திருக்கும், ஏனென்றால் அவற்றைத் தேதியாக்க அதற்கு வழியில்லை. பாதி சரி, பாதி தப்பு என்று கலந்து கிடப்பதால்தான் நானூறு வரி வரை கண்ணில் படவில்லை.

உலகத்து விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1.

இனி ஏற்றப் போவதற்கு வழி எளிது. அடிப்பதற்கு முன்னால் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். போன் எண், பின்கோடு, ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றுக்கும் இதே. கூட்டவோ பெருக்கவோ போகாத எண் எதுவும் நமக்கு எண் இல்லை, எழுத்து. வங்கிக் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும்: எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும், எச்சரிக்கையும் வராது. பேரன் பாண்டாஸில் படிக்கும்போது "டிடைப்" (தரவின் வகை) என்பதற்கு "எஸ்டிஆர்" (எழுத்து) என்று கொடுக்கச் சொல்லுங்கள். சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்றால் அதை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறக்கவே வேண்டாம். திறந்து சேமித்தால் பூஜ்யம் மறுபடி போய்விடும். நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டும்.

ஏற்கெனவே மாறிய வரிகளுக்கு, தேதியைத் திரும்ப நாள், மாதம் என்று பிரித்து 12/3 ஆக்க முடியும். ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 12/3 என்பது டிசம்பர் 3 ஆகியிருக்கும். உங்கள் வரிகளில் எது எந்த முறை என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நிலத்து விவகாரம் ஐயா, 12/3-க்கும் 3/12-க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் வயல் இருக்கிறது. உங்கள் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து, தேதியாக மாறிய வரிகளை மட்டும் பேரன் வாசிக்க, நீங்கள் சரிபார்த்து அடியுங்கள். இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

அப்பள வாடிக்கையாளர் பட்டியலை பைத்தான் வழியாக சிஎஸ்வி ஆக்கினேன். எக்செல்லில் திறந்தால் தமிழ் பூராவும் கோழி கிளறினாற்போல் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: கொக்கிரகுளம் என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். எழுத்து அப்படியே ஒன்றாகத்தான் இருக்கிறது அக்கா.
– கல்லிடைக்குறிச்சி வாசகி

முதல் சந்தேகம் முதலில். அந்தக் கிறுக்கலை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. எழுத்துகளைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக எழுதப்படும். எக்செல் அந்த மூன்றையும் மூன்று தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது. எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைட் ஒன்றே, அதனால்தான் அந்த ஏ விடாமல் வருகிறது. பைத்தானில் கோப்பை எழுதும்போது என்கோடிங் என்ற இடத்தில் "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். கோப்பின் தலையில் சின்ன அடையாளம் ஒன்று விழும், எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் என் மனசுக்கு நெருக்கமானது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு செல்போனில் வீடு வீடாகப் பெயர் எழுதி வந்தார்கள். நான்தான் சேர்த்துக் கூட்டினேன். ஆற்றங்கரைத் தெரு ஒன்று பட்டியலில் இரண்டு தெருவாக நின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு தெருவில் போர்வை மிஞ்சியது, அடுத்ததில் பத்தவில்லை. பத்தாமல் போன வாசலில் ஒரு பாட்டி ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன்.

கொ என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாக ஒட்டலாம். ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் ஒட்டலாம். கண்ணுக்கு இரண்டும் கொ. நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் கொண்டு எண்ணிப் பாருங்கள்: கொக்கிரகுளம் ஒன்றில் 12, மற்றதில் 13. (திருநெல்வேலிக்கும் 12 வரும். நமக்கு ஆறு எழுத்து. பைத்தான் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. பெயர்களை நேர் நெடுவரிசையில் அச்சிட முயன்று கோணலாக வந்தால் இதுவும் ஒரு காரணம்.) பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டாவை இம்போர்ட் செய்து, ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் "நார்மலைஸ்" கொண்டு "என்எஃப்சி" வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். கூடவே "ஸ்ட்ரிப்" போட்டு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியை நீக்குங்கள். எங்கள் பட்டியலில் பாதிக் குழப்பம் பெயருக்குப் பின்னால் இருந்த ஒரு வெற்று இடைவெளியால் வந்தது. தேடும் சொல்லுக்கும் இதையே செய்யுங்கள், அதை மறந்தால் பழைய கதைதான்.

1,25,000 என்று இருப்பதை எண்ணாக மாற்றினால் பிழை வருகிறது.
– முக்கூடல் வாசகர்

காற்புள்ளி இருக்கும்வரை பைத்தானுக்கு அது எழுத்துதான். "ரிப்ளேஸ்" போட்டுக் காற்புள்ளியை ஒன்றுமில்லாததாக மாற்றிவிட்டு "இன்ட்" செய்யுங்கள். ரூபாய்க் குறி இருந்தால் அதையும் அப்படியே எடுத்துவிடுங்கள். திரும்ப அச்சிடும்போது பைத்தானின் சாதாரண காற்புள்ளி வடிவம் மூன்று மூன்று இலக்கமாக 125,000 என்றுதான் தரும். லட்சக் கணக்கில் வேண்டுமென்றால் கடைசி மூன்று இலக்கத்தைத் தனியே வைத்து, மிச்சத்தை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரிக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்று எழுத வேண்டும். எழுதி அனுப்புங்கள். எங்காவது சிக்கினால் பிழைச் செய்தியின் கடைசி வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.