உண்ணியை நாயின் உடலில் மட்டும் தேடாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது, பிறகு மூக்கில் இரத்தம் வடிந்தது. உண்ணியால் வந்த நோய் என்று மருத்துவர் நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு நாளிலேயே நாய் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நிறுத்தவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வெள்ளை அணுக்களுக்குள் குடியேறுகிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் அதனால் குறைந்துபோவதால்தான் மூக்கில் இரத்தம் வருவதும், அடிவயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் நேர்கின்றன. இதற்குத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைக் கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிப் பசி திரும்பிவிடும். ஆனால் கிருமி முழுவதும் ஒழிந்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. பாதியில் விட்டால், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கியிருந்து, பின்னர் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். அந்நிலையில் மருந்துக்கு அவ்வளவாகப் பலன் இருக்காது. வியட்நாம் போரின்போது, 1960-களின் இறுதியில், அமெரிக்கப் படையின் நாய்கள் 200-க்கு மேல் இந்நோயால் மாண்டன. அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். அந்த இனத்தை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். உணவோடு கொடுத்து, சிறிது தண்ணீரும் குடிக்க விடுங்கள். காய்ச்சலுக்கென்று நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்றவற்றை எடுத்துக் கொடுப்பது, தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு இரத்தக் கசிவை இன்னும் மோசமாக்கும். மருந்து முடிந்ததும் தட்டணுக்களை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் உண்ணி பிடுங்குகிறோம், பவுடர் போடுகிறோம், குளிப்பாட்டுகிறோம். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இருக்கின்றன. நாய் வெளியே அதிகம் போவதுமில்லை. இவை எங்கிருந்து வருகின்றன? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் வீட்டிலிருந்துதான் வருகின்றன. நம் நாய்களில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நிற நாய் உண்ணி, தோட்டம், புதர் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, பிறகு எட்டுக்கால் இளம் உண்ணி, கடைசியில் வளர்ந்த உண்ணி என்று மூன்று பருவத்திலும் அது ஒவ்வொரு முறை நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, இறங்கி மறைவிடம் தேடிப் போய்விடுகிறது. இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல் பருத்த பெண் உண்ணி சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ 4,000 முட்டைகள் வரை இடக்கூடும். வளர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிரோடிருக்கும். ஆகவே, நாயின் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான்.

நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவரைத் தரையிலிருந்து மேல்வரை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த உண்ணி மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. விரிசல்களைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவையுங்கள், பூச்சிக்கொல்லி தெளிப்பதானால் ஒரே தடவையோடு விடாமல் சில வாரங்கள் கழித்து மீண்டும் தெளியுங்கள். அன்று பொரியாமல் கிடந்த முட்டைகள் பிறகு பொரிந்திருக்கும். உண்ணியைக் கொல்ல நாய்க்குக் கொடுக்கும் ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. முன்னதன் பலன் ஏறக்குறைய 12 வாரமும், பின்னதன் பலன் ஒரு மாதமும் நீடிக்கும். வலிப்பு வரும் நாயாக இருந்தால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பூனையும் வளர்ப்பவர்கள் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தை வாங்க வேண்டாம்; அது பூனைக்கு நஞ்சு.

கையால் பிடுங்கும் உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றைத்தான் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறையின் சிறுநீர் காபி நிறத்தில் போகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார்கள். (வாசகர், விருதுநகர்)

பதில்: கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உண்ணி பரப்பும் பபேசியா என்னும் ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைப்பதால் இப்படி ஆகலாம். இன்றே இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். இதில் பபேசியா கிப்சோனி என்னும் வகை நமக்குப் பழையது: சென்னையில் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய்களின் இரத்தத்தில் கண்டு 1910-இல் பேட்டன் என்பவர் அதை முதன்முதலில் விவரித்தார். எந்த வகை என்று அறிவது அவசியம், ஏனெனில் மற்ற வகைகளுக்குப் போடும் இமிடோகார்ப் ஊசி கிப்சோனியை முழுமையாக ஒழிப்பதில்லை. அதற்கு வேறு கூட்டு மருந்து தர வேண்டியிருக்கும். இரத்தம் மிகவும் குறைந்திருந்தால் மற்றொரு நாயின் இரத்தம் ஏற்றவும் நேரலாம்.

கேள்வி: கொசு கடிப்பதால் நாய்க்கு நோய் வருமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வரும். நாய்களின் இதயப்புழுவைக் கொசுதான் பரப்புகிறது. இந்தியாவில் அது வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். உங்களுக்கு அண்டையிலுள்ள கேரளத்தில் மிகுதியாக இருப்பது தோலுக்கு அடியில் வாழும் டைரோஃபிலேரியா ரெப்பன்ஸ் என்னும் உறவுப் புழு. கொசுவழியே அது மனிதர் கண்ணுக்குள் வந்து, அறுவைசெய்து எடுக்கப்பட்டதும் உண்டு. மாதமொரு முறை கொடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. ஆனால் வளர்ந்த நாய்க்கு இரத்தத்தில் நுண்புழு (இதயப்புழுவின் குஞ்சு) இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.