கடல் பார்க்கக் கடல் தாண்டிப் போகணுமா?

கேள்வி: நாங்கள் கரூர்க்காரர்கள். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. இருவரும் கடலில் கால் நனைத்ததே இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வெளிநாடு போகலாம் என்று பணம் சேர்த்திருக்கிறோம். டிராவல்ஸ்காரர் இலங்கையில் பெந்தோட்டை என்ற ஊரில் கடலை ஒட்டிய ரிசார்ட் ஒன்றைக் காட்டினார். மே கடைசி வாரம் என்றால் பாதி வாடகைதானாம். ஐந்து இரவு, அதற்குள் கண்டி, நுவரெலியா, கொழும்பும் சேர்த்திருக்கிறார். கணவர் சரி என்கிறார். அத்தைக்கு 67 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். "கடல் பார்க்கக் கடல் தாண்டிப் போகணுமா? ராமேஸ்வரம் எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நாலு நாளாவது அடுப்படிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அப்படி நினைப்பது தப்பா?
– வாசகி, கரூர்

பதில்:

தப்பே இல்லை. பதினோரு வருஷம் மூன்று வேளையும் அடுப்பு முன்னால் நின்றவர் ஐந்து நாள் ஓய்வு கேட்பதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அட்வான்ஸ் கட்டாதீர்கள். மே கடைசியில் பெந்தோட்டை உங்களுக்கு ஆகாது.

பாதி வாடகைக்கு ரிசார்ட் காரணமில்லை, கடல்தான் காரணம். இலங்கையின் இரண்டு கரைக்கும் பருவம் வேறு வேறு. மே நடுவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளில் அடிக்கத் தொடங்கிவிடும். பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ எல்லாம் அந்தப் பக்கம். அங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அருமையாக இருக்கும். பருவம் திரும்பியபின் அலை ஆளை அடித்துச் சாய்க்கும், அடியில் மணலோடு காலை இழுக்கும். கரையில் சிவப்புக் கொடி ஏறிவிட்டால் பிள்ளைகள் ஐந்து நாளும் நீச்சல் குளத்தில்தான் கிடக்க வேண்டும்.

அதே மே மாதம் கிழக்குக் கரைக்கு நல்ல காலம். நடுவில் நிற்கும் மலைநாடு மழையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் வானம் தெளிந்து, கடல் ஏரி மாதிரி படுத்துக் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இப்படித்தான். நம் பள்ளி விடுமுறைக்குச் சொல்லிவைத்தாற்போலப் பொருந்துகிறது. வருஷக் கடைசியில் நிலைமை தலைகீழ். டிசம்பரில் யாராவது கிழக்குக் கரையை மலிவாகத் தருகிறேன் என்றால் அப்போதும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நான் சொல்வது பாசிக்குடா. மட்டக்களப்புக்கு வடக்கே, வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள். 2004 சுனாமியில் அடிபட்ட ஊர். போர்க்காலத்தில் ஆள் வராமல் கிடந்து, 2009-க்குப் பிறகுதான் வரிசையாக ரிசார்ட்டுகள் எழுந்தன. பிறை மாதிரி வளைந்த குடா, வெளியே பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுகிறது. நெடுந்தூரம் உள்ளே நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் தண்ணீர். முழங்கால் வலிக்காரர் பயமில்லாமல் இறங்கி உட்காரலாம், கடலே அவரைத் தாங்கிக்கொள்ளும். முதல் தடவை கடல் பார்க்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை உங்கள் கணவரும் படிக்கட்டும். அந்த மாதங்களில் அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கச்சான் என்பார்கள். அது தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. தண்ணீர் அசையாமல் இருப்பதைப் பார்த்து, காற்றடித்த வாத்தையோ டியூபையோ கொடுத்துப் பிள்ளையை மிதக்கவிட்டால், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது ஐம்பதடி உள்ளே போயிருக்கும். டியூப் வேண்டவே வேண்டாம். இருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட்டை இங்கேயே வாங்கிப் போட்டுப் பார்த்து எடுத்துப் போங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. சின்னவள் கையைத் தூக்கினால் தலைவழியே கழன்றுவிடும்.

கடலைவிட எனக்கு அதிகம் பயம் ரிசார்ட்டின் குளம். அறைக் கதவைத் திறந்தால் நாலடியில் தண்ணீர், சுற்றி வேலி இருக்காது. மூழ்கும் குழந்தை சத்தம் போடாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. பத்தடியில் செல்ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாது. குளத்தோரம் இருக்கும்போது 'நாம் எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இந்த அரைமணி நீ, அடுத்த அரைமணி நான் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். நேரே குளத்தில் இறங்கும் அறை வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி அத்தை விஷயம். அவர் ராமேஸ்வரம் என்றதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேரப்பிள்ளைகளோடு அறையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவரும் வெளியே போய்விடுவீர்களோ, சாப்பிட ஒன்றும் கிடைக்காதோ என்று ஒரு பயம் அதற்குள் இருக்கலாம். நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: போகிற வழியில் திருக்கோணேஸ்வரம் இருக்கிறது. ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய ஈழத்துத் தலங்கள் இரண்டில் ஒன்று. திருகோணமலையில் கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறையின் தலையில் கோயில். கோட்டைக்குள் புகுந்து போக வேண்டும், உள்ளே புள்ளிமான்கள் மேயும், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். கடைசியில் கொஞ்ச தூரம் ஏற்றம். வெயில் ஏறும் முன் போய்விட்டால் அத்தை நின்று நின்று ஏறிவிடலாம். கடல் பார்க்கக் கடல் தாண்டணுமா என்று கேட்டவருக்கு, தேவாரத் தலம் பார்க்கக் கடல் தாண்டலாம் என்பது நியாயமாகத்தான் படும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் விரிவாகக் கேட்கவில்லை, நான் விரிவாகச் சொல்கிறேன். என் அம்மாவை ஒருமுறை இலங்கையில் ஒரு கடற்கரை விடுதிக்கு அழைத்துப்போனேன். காலை பஃபேயில் இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலுக்கு முன்னால் 'வெஜிடேரியன்' என்று அட்டை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பக்குவம் கேட்டபோது பரிமாறிய பையன், "கொஞ்சம் மாசி இடிச்சுப் போடுவம், அதுதான் ருசி" என்றான். மாசி என்றால் காயவைத்த சூரைமீன், மரக்கட்டை மாதிரி இருக்கும். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பும்வரை பிரெட்டும் வாழைப்பழமும்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நான் அதை முன்கூட்டியே விசாரிக்கவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அங்கே பலருக்கு மாசி என்பது உப்பு, மிளகாய் மாதிரி ருசிக்குப் போடும் சாமான். பருப்பிலும் கீரையிலும்கூட விழும். அதனால் 'வெஜ்' என்று சொன்னால் போதாது. "மாசி, கருவாடு, முட்டை எதுவும் சேராத மரக்கறிச் சாப்பாடு" என்று சொல்லுங்கள். சமையல்காரர் சிங்களவர் என்றால் 'உம்பலகட' வேண்டாம் என்றால் புரிந்துவிடும். பாசிக்குடாவில் இன்னொரு சௌகரியம், சுற்றிலும் தமிழ் பேசும் ஊர்கள். அத்தையே நேரில் நின்று தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம், நடுவில் உங்களை ஏவ வேண்டியதில்லை. மட்டக்களப்பு எருமைத் தயிர் மண்சட்டியில் கத்தியால் வெட்டி எடுக்கிற பதத்தில் வரும். ஒரு சட்டி வாங்கி அறையில் வைத்துவிட்டால் இரவுக்குச் சோறும் தயிரும் போதும் அவருக்கு.

சாப்பாட்டுத் திட்டத்தில் ஃபுல் போர்டு, அதாவது மூன்று வேளையும் விடுதியிலேயே சாப்பாடு, எடுங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலையும் இரவும் மட்டும் தரும் ஹாஃப் போர்டு எடுத்தால், மத்தியானம் எல்லாருக்கும் என்ன, எங்கே என்று யோசிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதிலிருந்து தப்பத்தானே போகிறீர்கள். வாடகைக்குப் பக்கத்தில் '++' என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் வரிகளும் தனி என்று அர்த்தம். மதிப்புக்கூட்டு வரி மட்டுமே 18 சதவீதம். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அறை தரைத்தளம். கடலைப் பார்த்த பால்கனிக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தை, பக்கத்துப் பக்கத்து அறையாக இரண்டு எடுப்பதற்குக் கொடுங்கள். குளியலறையில் தொட்டி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த உயரமான விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க அத்தையால் முடியாது. தரையோடு தரையாக ஷவர் உள்ள அறைதான் வேண்டும்.

கண்டியும் நுவரெலியாவும் இந்தத் தடவை வேண்டாம். ஐந்து இரவில் நாலு ஊர் என்றால் உங்கள் வேலை பெட்டி கட்டுவதும் பிரிப்பதும்தான். விமானம் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து பாசிக்குடாவுக்கு வண்டியில் ஆறு மணி நேரமாவது ஆகும், நாலு வயதுக் குழந்தை ஒரே மூச்சில் தாங்காது. முதல் இரவு பாதி வழியில் இருக்கும் ஹபரணையில் தங்குங்கள். அங்கே காட்டுவழியில் அந்தி சாய்ந்தால் யானைகள் ரோட்டுக்கு வரும், அதனால் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மறுநாள் விடிகாலையில் திருகோணமலை போய்க் கோயில் பார்த்துவிட்டு, கடலோரச் சாலையில் தெற்கே இறங்கினால் மத்தியானம் பாசிக்குடா. அங்கே மூன்று இரவு, அசையாமல். கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில்.

தேதி குறிக்கும் முன் காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். மே மாதப் பௌர்ணமி பெரும்பாலும் அங்கே வெசாக் என்னும் புத்த பூர்ணிமா, மறுநாளும் விடுமுறை. நாடு முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கடலுக்குக் கிளம்பும், அறையும் கிடைக்காது, கரையிலும் இடம் இருக்காது.

குளிப்பதெல்லாம் காலை ஒன்பதுக்குள், மறுபடி மாலை நாலுக்குமேல். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து ஆறு மணியை ஒட்டி எழும். பாசிக்குடாவில் விடியும் மூன்று காலைகளில் ஒன்றை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டுவரை, பிள்ளைகள் இல்லாமல், அத்தைக்குக் காபி சொல்ல வேண்டிய கவலை இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் மட்டும். இதைக் கணவரிடம் கரூரில் இருக்கும்போதே சொல்லி, எந்த நாள் என்று குறித்துவைத்துவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் நடக்காது.