அட்மிரல் பெர்சி ஸ்காட்: கேள்வி பதில்

பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிச் சுடுமுறையையே மாற்றிய அட்மிரல் சர் பெர்சி ஸ்காட் (1853–1924) பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே (தூத்துக்குடி): ஸ்காட் கடற்படையில் சேர்ந்தது 13 வயதில். அந்த வயதுப் பையனையா அதிகாரியாகச் சேர்த்தார்கள்?

ப: அன்றைய வழக்கமே அதுதான். முதலில் சிபாரிசு வேண்டும், பிறகு ஒரு தேர்வு. தேறியவர்கள் டார்ட்மவுத்தில் நங்கூரமிட்டிருந்த பழைய பிரிட்டானியா கப்பலில் கேடட்கள். ஸ்காட் சேர்ந்தது 1866-இல். அடுத்தது மிட்ஷிப்மேனாக (பயிற்சி அதிகாரியாக) கடல் அனுபவம், 19 வயதை ஒட்டி சப்-லெப்டினன்ட் தேர்வுகள். அவற்றில் முதல் வகுப்பு வாங்கியவர் சீக்கிரம் லெப்டினன்ட் ஆகலாம். ஸ்காட் 1875-இல் ஆனார்.

கே (சென்னை): அதற்குமேல் சீனியாரிட்டிதானா சார்?

ப: கேப்டன் வரை இல்லை. கமாண்டர், கேப்டன் பதவிகளுக்கு மேலிடம்தான் ஆளைப் பொறுக்கியெடுக்கும். லெப்டினன்டாகவே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். கேப்டன் ஆகிவிட்டால் வரிசைப்படி அட்மிரல், கடலில் கழித்த காலம் மட்டும் போதுமானதாக இருக்க வேண்டும். கப்பல் கிடைக்காத நாட்களில் அரைச் சம்பளம். ஸ்காட் 1886-இல் கமாண்டர், 1893-இல் கேப்டன், 1905-இல் ரியர் அட்மிரல்.

இதில் ஒரு கோளாறு. கப்பல் பளபளவென்று இருந்தால்தான் கமாண்டருக்கு நல்ல பெயர். கைக்காசு போட்டு பெயின்ட் வாங்கியவர்கள் உண்டு. பீரங்கி சுட்டால் புகை படிந்து அந்த பெயின்ட் கெடும். பயிற்சி எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கே (கோவை): 1899-இல் ஸ்காட்டின் ஸில்லா கப்பல் போட்டிச் சுடுதலில் 70 குண்டுக்கு 56 இலக்கில் பட்டதாமே? எப்படி?

ப: ஆமாம், 80 சதவீதம். அப்போது கடற்படையின் சராசரி 30-ஐ ஒட்டியே இருந்தது.

பழைய முறையில், கப்பல் அலையில் ஆட ஆட, குறி இலக்கைக் கடக்கும் கணத்துக்காகக் காத்திருந்து விசையை இழுப்பார்கள். கண் பார்த்து, விரல் இழுத்து, குண்டு குழாயை விட்டு வெளியேறுவதற்குள் கப்பல் இன்னும் சற்று சாய்ந்திருக்கும். குண்டு மேலேயோ கீழேயோ போய்விடும்.

ஸ்காட் காத்திருக்கவே விடவில்லை. பீரங்கியை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தின் பல்சக்கர விகிதத்தை மாற்றி, ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துச் சுற்றும்படி செய்தார். தொலைநோக்கிக் குறியும் சேர்ந்துகொள்ள, கண் இலக்கை விட்டு விலகவே வேண்டியதில்லை. எந்த நொடியும் சுடலாம்.

அதற்குக் கை பழக வேண்டுமே. அங்கேதான் 'டாட்டர்' கருவி வந்தது. பீரங்கி வாயருகே ஒரு குட்டி இலக்கு மேலும் கீழும் ஓடும்; சுடுபவர் சக்கரத்தைச் சுற்றித் துரத்துவார். விசையை இழுத்தால் பென்சில் அட்டையில் ஒரு புள்ளி குத்தும். தவறு எவ்வளவு என்பது அட்டையிலேயே தெரியும், ஒரு குண்டும் செலவாகாது. குண்டு போடுபவர்களுக்கும் தனியாக ஒரு பயிற்சிப் பொறி வைத்தார். குறி சரியாக இருந்து, போடும் கை தாமதித்தால் என்ன பயன்?

இது 4.7, 6 அங்குல (குழாயின் உள்விட்டம்) பீரங்கிகளுக்குத்தான். 12 அங்குலப் பீரங்கி அன்று அவ்வளவு வேகமாக அசையாது.

கே (யாழ்ப்பாணம்): உண்மையான சண்டையிலும் 80 சதவீதம் வருமா?

ப: வராது. போட்டிச் சுடுதல் ஏறக்குறைய 1,500 கெஜத்தில் நடந்தது. தூரம் கூடினால் சிக்கல் வேறு: தூரத்தைக் கணிப்பது, குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பது.

கே (மதுரை): போயர் யுத்தத்தில் கப்பல் பீரங்கி எப்படித் தரையேறியது?

ப: 1899-இல் ஸ்காட் டெரிபிள் கப்பலின் கேப்டன். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்த டச்சு வம்சாவளிப் போயர்களின் நெடுந்தூரப் பீரங்கிகளுக்கு எட்ட ராணுவத்திடம் ஒன்றும் இல்லை. 12 பவுண்டர் (12 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கிக்கு, ஒரு மரத்தடியும் ஒரு ஜோடி உள்ளூர் மாட்டுவண்டிச் சக்கரங்களும் கொண்டு வண்டி செய்தார். கனமான 4.7 அங்குலத்துக்குக் குறுக்கே அடுக்கிய பெரிய மரச்சட்டங்களின்மேல் பீடத்தை போல்ட் போட்டு முடுக்கினார். அப்படிப்பட்ட இரண்டு, அக்டோபர் 30 அன்று, போயர் முற்றுகை இறுகுவதற்குச் சற்று முன்பு லேடிஸ்மித் நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

கே (சேலம்): 1907 பெயின்ட் சண்டை என்ன?

ப: ஜெர்மன் பேரரசர் வருகிறார், பயிற்சியை நிறுத்தி பெயின்ட் அடியுங்கள் என்று ஸ்காட்டின் மேலதிகாரி பிரபு சார்லஸ் பெரஸ்ஃபோர்டின் உத்தரவு. ராக்ஸ்பரோ கப்பல் சுடும் பயிற்சியைத் தொடர அனுமதி கேட்டது. பீரங்கியைவிட பெயின்டுக்குத்தான் கிராக்கி போலிருக்கிறது, வந்து அழகு பண்ணிக்கொள் என்ற பொருளில் ஸ்காட் சிக்னல் கொடுத்தார். பெரஸ்ஃபோர்ட் கடற்படை முழுக்கத் தெரியும்படி கண்டித்தார். ஸ்காட் சொன்னது சரிதான். சிக்னலில் சொன்னதுதான் அசட்டுத்தனம். 1909-க்குப் பின் அவருக்குக் கடற்பதவி இல்லை.

கே (திருச்சி): ஸ்காட்டின் 'டைரக்டர்' சுடுமுறை என்றால்?

ப: கப்பல் கம்பத்தின் உயரத்தில், புகைக்கும் நீர்த்தெறிப்புக்கும் மேலே, ஒரே ஒரு குறி. பீரங்கிக்காரர்கள் மின்கம்பி வழியே வரும் முள்ளைப் பின்தொடர்ந்து கோணம் வைப்பார்கள். மேலே இருப்பவர் விசை இழுத்தால் எல்லாம் ஒருசேர வெடிக்கும். குண்டுகள் ஒன்றாக விழுவதால் திருத்துவதும் சுலபம். 1912 நவம்பரில் இக்கருவி பொருத்திய தண்டரர் போர்க்கப்பல், பொருத்தாத ஓரியன் கப்பலோடு போட்டியிட்டது. தண்டரரின் குண்டுகள் ஆறு மடங்கு அதிகம் பட்டன என்பது ஸ்காட்டின் கணக்கு. அப்படியும் முதல் உலகப்போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் எட்டுப் போர்க்கப்பல்களில்தான் இருந்தது.

கே (ஈரோடு): முதல் உலகப்போரில் அவர் பங்கு?

ப: 1913-இலேயே ஓய்வு. 1914 ஜூனில், நீர்மூழ்கிகள் வந்தபின் பெரிய போர்க்கப்பல்கள் வீண் என்று பத்திரிகைக்கு எழுதிப் பரிகாசம் வாங்கிக்கட்டிக்கொண்டார். 1915-இல் லண்டனின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைச் சீர்செய்ய அவரைத்தான் கூப்பிட்டார்கள்.