ரீஃபண்டை எடுத்தது அவர், மெயில் மட்டும் என் பெயருக்கா?

கேள்வி: கோவையில் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். கணவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தருவது) வைத்திருக்கிறார். கல்யாணமானதிலிருந்து என் வருமான வரி ரிட்டர்னைப் போட்டது அவருடைய ஆடிட்டர்தான். ஓடிபி கேட்பார்கள், சொல்வேன், அவ்வளவுதான். மூன்று வருட ரீஃபண்ட், சுமார் 1,80,000 ரூபாய், ஜாயின்ட் அக்கவுண்டுக்கு வந்ததும் அவர் எடுத்துவிட்டார். இப்போது விவாகரத்து வழக்கு. நானும் மகளும் ஜீவனாம்சம் கேட்ட மனுவில், என் ரிட்டர்னைத் தாக்கல் செய்து, சம்பளம் போக எனக்கு வருடம் 4 லட்சம் ஜாப் ஒர்க் வருமானம் இருக்கிறது என்கிறார். நான் ஒரு மெஷினைக்கூடத் தொட்டதில்லை. இதற்கு நடுவில், அரசியல் கட்சி நன்கொடைக்கு என் ரிட்டர்னில் கேட்ட வரிக் கழிவைச் சரிபார்க்கச் சொல்லி வருமான வரித் துறையிலிருந்து மெயில். நான் எந்தக் கட்சிக்கும் பத்து ரூபாய் கொடுத்தது கிடையாது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களுக்கு இருப்பது ஒரு சண்டை இல்லை, இரண்டு. ஒன்று வருமான வரித் துறையோடு, இன்னொன்று கணவரோடு. இரண்டையும் கலந்தீர்கள் என்றால் இரண்டிலும் அடி வாங்குவீர்கள்.

துறைக்கு உங்கள் கணவரைத் தெரியாது. அமெரிக்காவில் மாதிரி கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்ன் இங்கே கிடையாது. பான் யாருடையதோ அவர்தான் பொறுப்பு. 'ஆடிட்டர் போட்டார், எனக்குத் தெரியாது' என்று எழுதினால் பெரிதாக எடுபடாது, ஏனென்றால் சரிபார்த்தது உங்கள் ஓடிபி. அதனால் எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் 'எனக்கு ஒன்றுமே தெரியாது' என்று எழுதிவிடாதீர்கள். ஓடிபி கொடுத்தேன், உள்ளே என்ன எழுதினார்கள் என்று காட்டவில்லை. இது உண்மை, இதை மட்டும் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் நிற்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, வருமான வரி போர்ட்டலில் ஆதார் ஓடிபி வைத்து உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றுவது. மொபைல் எண், மெயில் இரண்டும் உங்களுடையதா என்று பாருங்கள், பல வீடுகளில் அங்கே ஆடிட்டர் ஆபீஸ் எண்தான் இருக்கும். ரீஃபண்டுக்குக் கொடுத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுண்டை நீக்கிவிட்டு, உங்கள் பெயரில் மட்டும் உள்ள சம்பள அக்கவுண்டைச் சேருங்கள். அப்புறம் எல்லா வருட ரிட்டர்ன், அதன் அக்னாலெட்ஜ்மென்ட், 26ஏஎஸ் (உங்கள் பானில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வரவு செலவு பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் தொகுப்பு) எல்லாவற்றையும் டவுன்லோடு செய்யுங்கள். அக்னாலெட்ஜ்மென்டை யாரும் படிப்பதில்லை, ஆனால் ரிட்டர்ன் எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் போனது, எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். அந்த நேரம் நீங்கள் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் வருகைப் பதிவேட்டை அதன் பக்கத்தில் வைக்கலாம்.

இனி ரீஃபண்ட். கேட்க உங்களுக்குக் கசக்கும். அந்த 1,80,000-ல் ஒரு பகுதி உங்கள் பணமே இல்லை, அவர் பணமும் இல்லை, அரசாங்கத்துடையது. கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகக் காட்டி வந்த ரீஃபண்டை நீங்கள் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும். சம்பளத்தில் உண்மையாகவே கூடுதலாகப் பிடித்த வரி (டிடிஎஸ்) எவ்வளவோ அதுதான் உங்களுடையது. உங்களோடு சம்பந்தமில்லாத நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் போய் இதை வருடவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

போலிக் கழிவை நீக்க அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது பழைய ரிட்டர்னைத் திருத்தி மறுபடி போடுவது, என்று ஒரு வழி இருக்கிறது. 2025 நிதிச் சட்டம் அதற்கான காலத்தை, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து 48 மாதமாக நீட்டியது. வரி, வட்டி போக, முதல் 12 மாதத்துக்குள் என்றால் அந்தத் தொகையில் 25 சதவீதம் கூடுதல், அடுத்தடுத்த வருடங்களில் 50, 60, 70 என்று ஏறும். இது அதிகமாகத் தோன்றும். ஆனால் துறை தானாகக் கண்டுபிடித்து, தவறான தகவல் தந்ததாக முடிவு செய்தால், ஏய்த்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். போலிக் கழிவு விஷயத்தில் 2025 ஜூலையில் நாடு முழுக்க சோதனையே நடத்தினார்கள். இப்போது வந்திருக்கும் மெயில் வெறும் 'சரிபாருங்கள்' என்ற எச்சரிக்கை என்றால், முறையான நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பது முட்டாள்தனம். கட்டின செலானைப் பத்திரமாக வையுங்கள், கணவரிடம் கணக்குக் கேட்க அதுதான் ஆதாரம்.

ஒன்று கவனியுங்கள், அப்டேட்டட் ரிட்டர்னில் வரியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆக அந்தக் கற்பனை ஜாப் ஒர்க் வருமானத்தை அதை வைத்து அழிக்க இயலாது. அதைக் குடும்ப நீதிமன்றத்தில்தான் உடைக்க வேண்டும்.

அது ஒன்றும் மலை இல்லை. ரிட்டர்ன் என்பது உங்களுக்கு எதிரான ஒப்புதல் மாதிரிதான், ஆனால் தவறென்று நிரூபிக்க முடிகிற ஒப்புதல். திருமண வழக்குகளில் வருமான வரி ரிட்டர்ன் உண்மை வருமானத்துக்குச் சரியான அளவுகோலாக இருந்தே தீரும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அது கணவர்கள் குறைத்துக் காட்டுவதைப் பற்றிச் சொன்னது, ஆனால் கூட்டிக் காட்டினதற்கும் அதே தர்க்கத்தை வைத்து வாதிடலாம். முதலில் 26ஏஎஸ்-ஐத் திறந்து 194சி என்ற பிரிவில் உங்கள் பெயரில் ஏதாவது பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாப் ஒர்க்குக்குப் பணம் கொடுத்த கம்பெனி பொதுவாக அந்தப் பிரிவில்தான் வரி பிடித்திருக்கும். இல்லை, உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டிலும் சம்பளம் தவிர வரவு இல்லை, உங்கள் பானில் ஜிஎஸ்டி பதிவும் இல்லை என்றால் அது காகித வருமானம், வீட்டுக் கடனுக்கோ தன் லாபத்தைப் பிரித்துக் காட்டவோ அவர் எழுதிக்கொண்டது. பிடித்தம் இருக்கிறது என்றால் கதை வேறு. உங்கள் பெயரில் பில் போட்டிருக்கிறார், அநேகமாக உங்கள் பெயரில் ஒரு அக்கவுண்டும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் நீதிமன்றத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

அவருடைய ரிட்டர்னுக்காக ஆர்டிஐ போட்டு அலைய வேண்டாம், தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரம் தந்தாக வேண்டும். நீங்களும்தான், அதில் உங்கள் சம்பளத்தை ஒரு ரூபாய் குறைக்காதீர்கள். அவர் மறைத்தால் ஆவணங்களை வரவழைக்கச் சொல்லி மனுப் போடலாம்.

ரீஃபண்ட் பணத்துக்கும், நீங்கள் கட்டப்போகும் வரிக்கும் சேர்த்து அதே குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம், தம்பதிகளுக்கிடையேயான சொத்துத் தகராறு அதன் வரம்புக்குள் வரும். பேங்க் மீது தவறில்லை, ஜாயின்ட் அக்கவுண்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் எடுக்கும் உரிமை வேறு, பணம் யாருடையது என்பது வேறு. பண வசூலுக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. முதல் வருட ரீஃபண்டின் தேதியை இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

வரி ஏய்ப்புப் புகார் கொடுப்பேன் என்று அவரை மிரட்டலாமா என்று யோசிப்பீர்கள், இந்த யோசனையைத் தர சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வேண்டாம். உங்கள் ரிட்டர்ன் சுத்தமாகும் முன் புகார் போனால் முதலில் இழுபடுவது உங்கள் பான். அந்த ஆடிட்டர் நிஜமாகவே சார்ட்டர்டு அக்கவுண்டன்டா என்றும் பாருங்கள். நம் ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லோருக்கும் ஆடிட்டர் பட்டம் கொடுத்துவிடுகிறோம். சி.ஏ. என்றால் அவர்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒழுங்கு நடவடிக்கைக்குப் புகார் செய்யலாம்.

கடைசியில் சமரசமாகப் பிரிவதாக முடிவானால், ஒப்பந்தத்தில் ஒரு பத்தி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். பிரிவதற்கு முந்தைய வருட ரிட்டர்ன்களால் உங்கள் பானில் பின்னால் வரும் வரி, வட்டி, அபராதத்தை அவர் ஏற்க வேண்டும் என்று, ஆண்டுகளைக் குறிப்பிட்டு. துறையை அந்தப் பத்தி கட்டுப்படுத்தாது, நீங்கள் கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கத்தான் உதவும். பழைய வருடக் கணக்கைத் துறை, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து சாதாரணமாக 3 வருடம் 3 மாதம் வரையும், விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 வருடம் 3 மாதம் வரையும் கிளற முடியும். அந்தப் பத்தி அவ்வளவு காலத்துக்கும் செல்லும்படி இருக்கட்டும்.