ஆய்வுப் படிப்புக் கட்டணம்: எவ்வளவு என்பதோடு எதுவரை என்றும் கேளுங்கள்

வணக்கம் சார். மகளுக்கு வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகையை 3 ஆல் பெருக்கி, கல்விக் கடனுக்கும் விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழுமா என்பதும் தெரியவில்லை, 3 என்பது சரிதானா என்பதும் தெரியவில்லை.

பாடம் படித்துத் தேர்வு எழுதும் படிப்புகள் என்றைக்கு முடியும் என்று சேரும்போதே தெரியும். ஆய்வுப் படிப்பு ஆய்வேடு முடியும்போதுதான் முடியும். அதுவரை மாணவர் பதிவில் இருந்தாக வேண்டும், பதிவில் இருக்கும் காலத்துக்குத்தான் பெரும்பாலும் கட்டணம் ஓடும். அதனால் கட்டணப் பட்டியலைவிடப் பதிவு விதிகளை முதலில் படிக்கச் சொல்வது என் வழக்கம்.

யார் கட்டுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். நாட்டுக்கு நாடு இது அடியோடு மாறும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும். ஸ்வீடனில் ஆய்வு மாணவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்கும் பணியாளர்கள். நியூசிலாந்தில் வெளிநாட்டு முனைவர் மாணவர்களும் உள்நாட்டுக் கட்டணமே கட்டுகிறார்கள். அமெரிக்காவில் பல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தவோ ஆய்வில் உதவவோ வைத்து மாத உதவித்தொகையும் கொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அரசின் ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தால் முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் 4 ஆண்டுக் கட்டணம் ஈடாகிவிடும். ஆய்வு வழி முதுநிலைக்கு 2 ஆண்டு. பிரிட்டனில்தான் உள்நாட்டு, வெளிநாட்டுக் கட்டண வித்தியாசம் கண்ணைக் கட்டும். அரசின் ஆய்வு மன்றங்கள் தரும் நிதியோ பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப்போ இல்லாமல் அங்கே போவது கடினம்.

ஆஃபர் லெட்டரில் தொகை போட்டிருப்பதாலேயே நீங்கள் கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. நிதியுதவி விவரம் பல சமயம் தனிக் கடிதமாக வரும். அதில் 'கட்டணத் தள்ளுபடி', 'மாத உதவித்தொகை' இரண்டும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது மட்டும் இருந்தால் சாப்பாடும் வாடகையும் உங்கள் கையில். இரண்டாவது மட்டும் இருந்தால், அந்தப் பணத்திலிருந்தே கட்டணம் கட்டிவிட்டு மிச்சத்தில் வாழ வேண்டிய நிலை வரலாம்.

அடுத்தது 'எதுவரை' என்ற கேள்வி. நான் பார்த்தவரை குடும்பங்கள் இடறி விழுவது இங்கேதான். ஸ்காலர்ஷிப் 3 ஆண்டுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வு 3 ஆண்டில் முடிவது அபூர்வம். கருவி பழுதாகும், தரவு தாமதமாகும், நெறியாளர் வேறு பல்கலைக்கழகம் போய்விடுவார், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். நான்காம் ஆண்டு மாத உதவித்தொகை நின்றிருக்கும், பதிவு மட்டும் தொடரும். அந்த ஆண்டுக்கு என்ன கட்டணம்? பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணக் காலம் முடிந்ததும் 'ஆய்வேடு எழுதும் கட்டம்' என்று ஒரு நிலைக்கு மாற்றி, சிறு தொகை மட்டும் வாங்குகின்றன. ஆனால் அது தானாக நடக்காது. ஆய்வுப் பணி முடிந்துவிட்டது, எழுத்து வேலைதான் பாக்கி என்று நெறியாளர் ஒப்புதல் தர வேண்டும். ஆய்வகத்துக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தால் அந்த நிலை கிடைக்காமல் போகலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு பருவமும் தொடர்ந்து பதிவில் இருக்க வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. ஆய்வேட்டைத் தற்காக்கும் வாய்மொழித் தேர்வு நடக்கும் பருவத்திலும் பதிவு கேட்பார்கள். கடைசி அத்தியாயம் இரண்டு வாரம் தள்ளிப்போய், அதனாலேயே இன்னொரு பருவக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு.

கட்டணம் வாங்குவது ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளோடு நிற்குமா, திருத்தங்கள் முடிந்த பிறகுதான் நிற்குமா என்பதும் இடத்துக்கு இடம் வேறு. இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மகளின் துறை வேதியியலோ உயிரியலோ என்றால் இன்னொன்று. கல்விக் கட்டணம் போக, ரசாயனம், கருவி நேரம் ஆகியவற்றுக்கு 'பெஞ்ச் ஃபீஸ்' என்று தனியாக வாங்கும் இடங்கள் உண்டு. சொந்தப் பணத்திலோ வெளியமைப்பு நிதியிலோ வருபவர்களிடம்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

பகுதிநேரமாகச் சேர்ந்தால் கட்டணம் பாதிதானே என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்குப் பாதி, சரி, ஆண்டுகள் இரட்டிப்பு. அதைவிட முக்கியம், மாணவர் விசா பல நாடுகளில் முழுநேரப் பதிவைக் கேட்கிறது. ஆகவே வெளிநாட்டு மாணவிக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். பல ஸ்காலர்ஷிப்களும் முழுநேரத்துக்கு மட்டுமே.

இடையில் உடல்நலக் குறைவோ பிரசவமோ வந்தால் என்ன செய்வது? இதற்கென்றே முறைப்படியான இடைநிறுத்தம் இருக்கிறது. அந்த மாதங்கள் ஆய்வுக் காலக் கெடுவில் சேராது, கட்டணமும் பொதுவாக ஏறாது. உதவித்தொகை தொடருமா என்பது நிதி தருபவரைப் பொறுத்தது. கடினமான நேரத்தில் படிவம் நிரப்பாமல் சும்மா ஆய்வகம் போகாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து. பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். முன்தேதியிட்டு இடைநிறுத்தம் வாங்குவது லேசில்லை. விசாவில் இருப்பவர் இடைநிறுத்தம் எடுத்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டி வரலாம், அதையும் முதலில் விசாரிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு 'சென்சஸ் தேதி' உண்டு. அதற்குள் விலகினால் பொதுவாக அந்தப் பருவக் கட்டணம் இல்லை, தாண்டிவிட்டால் உண்டு.

பதிவு வேலை சலிப்பானதுதான், ஆனாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவு முடிந்தால்தான் மாணவர் அட்டை, நூலகம், ஆய்வக நுழைவு, பெரும்பாலும் முதல் மாத உதவித்தொகை எல்லாம். அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் மறுபதிவு. ஆய்வு மாணவர்களுக்கு வகுப்பு இல்லாததால் இது நினைவிலிருந்து நழுவிவிடும், தாமதக் கட்டணம் வரும்.

கடனைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எந்த நிதியும் இல்லாமல், முழு வெளிநாட்டுக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டி முனைவர் பட்டம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓராண்டு ஆய்வு உதவியாளராக வேலை பார்த்து, நிதியுள்ள இடங்களுக்கு மறுபடி விண்ணப்பிப்பது மேல். இந்த இடத்தையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் இடம் தள்ளிப்போகும்போது ஸ்காலர்ஷிப்பும் கூடவே தள்ளிப்போகும் என்று நம்ப வேண்டாம். கட்டணமும் புதிய ஆண்டின் கணக்கில்தான் வரக்கூடும்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். நீங்கள் எழுத வேண்டாம், மகள் எழுதட்டும். பெற்றோருக்குப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பதில் சொல்வதில்லை. நெறியாளருக்கு எழுதுவதைவிட ஆய்வு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுவது நல்லது. பேராசிரியர்களுக்குக் கட்டண விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆண்டுதோறும் கட்டணம் உயருமா, நிதி முடிந்த பின் எந்த நிலையில் என்ன தொகை, பெஞ்ச் ஃபீஸ் உண்டா, சமர்ப்பித்த நாளில் கட்டணம் நிற்குமா என்று நாலு வரியில் கேட்டால் போதும். பதில் வரும் முன் முன்பணம் கட்ட வேண்டாம். கெடு நெருங்கினால் ஒரு வாரம் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் பல இடங்களில் கொடுத்துவிடுவார்கள்.